பதினொரு வீட்டுக் கணக்கும் ஒரு கைப்பேசியும்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம் எனச் செட்டிநாட்டில் ஐந்து ஊர்களில் பதினொரு பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டுக்காரர்கள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இருக்கிறார்கள். ஒரு வீடு ஒருவருக்கே சொந்தம் என்பது இங்கே அபூர்வம். ஏழு பங்கு, பதினான்கு பங்கு, ஒரு வீட்டுக்கு 23 பங்கு. வாட்ச்மேன் சம்பளம், மின்கட்டணம், வீட்டு வரி, ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது எல்லாம் பங்குக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருகிறார்கள். அந்தப் பணம் எங்கே போனது என்று அத்தனை பேருக்கும் பதில் சொல்வது என் வேலையில் பாதி.

2017 முதல் இந்தக் கணக்குகளைக் கூகுள் ஷீட்ஸ் என்ற இணையக் கணக்குத் தாளில் வைத்திருக்கிறேன். முக்கால்வாசிப் பதிவு கைப்பேசியில்தான், மிச்சம் வீட்டில் இருக்கும் பழைய கணினியில். இதே மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கும், ஊரில் பொது வீடு வைத்திருக்கும் பங்காளிகளுக்கும் பயன்படும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் எக்செல் கோப்பு ஒன்றை மாதாமாதம் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏழு பேருக்குப் போகும். அதில் இரண்டு பேர் ஏதாவது திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். மூன்றாமவர் பழைய கோப்பையே திறந்து வைத்துக்கொண்டு, "தொகை இடிக்குதே தம்பி" என்பார். அவர் சொல்வது சரி, நான் சொல்வதும் சரி, பார்க்கும் தாள்தான் வேறு வேறு. அண்ணன் தம்பிக்குள் அந்த ஒரு காரணத்தால் ஆறு மாதம் பேச்சு நின்ற வீடு ஒன்றை எனக்குத் தெரியும். ஷீட்ஸுக்கு மாறியதும் முதலில் நின்றது இந்தத் தகராறுதான். எல்லோரும் பார்ப்பது ஒரே தாள். நான் கானாடுகாத்தானில் ஒரு கூலியைப் பதிந்தால் சிங்கப்பூரில் இருப்பவர் அந்த நிமிடமே பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற எல்லாத் தொல்லைகளையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு ஒரு கோப்பு. அதற்குள் வரவு, செலவு, கூலி, பழுது என்று நான்கு ஷீட். ஏப்ரல் பிறந்தால் புதுக் கோப்பு. எழுதும் உரிமை எனக்கும் என் உதவியாளருக்கும் மட்டும்தான். பங்காளிகள் பார்க்கலாம், கமெண்ட் போடலாம், தொகையைத் தொட முடியாது. தொடக்கத்தில் மரியாதைக்காக எல்லோருக்கும் எழுதும் உரிமை கொடுத்து வைத்திருந்தேன். அது தப்பு. ஒருவர் கைப்பேசியை மேலும் கீழும் தள்ளும்போது விரல் பட்டு 4,500 வெறும் 4 ஆகிவிட்டது. அவருக்கே அது தெரியாது.

கமெண்ட் வசதியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதுதான் உயிர். ஒரு முறை வீட்டின் ஒரு பகுதியான பட்டாலையின் சுவரில் பூச்சு உதிர்ந்து பழைய முறையிலேயே பூசினோம். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் செலவில் வந்தன. கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த பங்காளி ஒருவர், கொத்து வேலைக் கணக்கில் வெல்லமும் முட்டையும் ஏன் என்று அந்தத் தொகை இருக்கும் கட்டத்திலேயே கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். கடுக்காய் ஊறிய தண்ணீரில் வெல்லம் கரைப்பதையும், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதையும் படம் எடுத்து அங்கேயே இணைப்புக் கொடுத்தேன். அந்தக் கேள்வியும் பதிலும் இன்னும் அந்தக் கட்டத்தில் இருக்கின்றன. அடுத்த வருஷம் வேறொரு பங்காளி அதே சந்தேகத்தோடு வந்து, படித்துவிட்டு, எனக்குப் போன் செய்யாமலே போய்விட்டார். வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் பத்து நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போயிருக்கும்.

இங்கே ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது உட்பகுதியில், ஓர் அறையைச் சுத்தம் செய்தபோது பர்மாக் கடைப் பேரேடுகள் கிடைத்தன. அந்தக் காலத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து மேலாள் போவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன். ஒருவர் போனால் மூன்று வருஷம் அங்கே இருப்பது வழக்கம். அங்கே நடக்கும் வரவு செலவைப் படியெடுத்து முதலாளிக்கு ஊருக்கு அனுப்புவார்கள். இப்போது முதலாளிகள் கடல் தாண்டி இருக்கிறார்கள், கணக்கு ஊரிலிருந்து போகிறது. அந்தப் பேரேட்டில் ஒரு பக்கத்தில்கூட அடித்தல் திருத்தலை நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: தவறாகப் பதிந்த தொகையை அழிக்க மாட்டேன். கீழே ஒரு வரி சேர்த்து, இன்ன தேதித் தொகைக்குத் திருத்தம் என்று எழுதுவேன். ஷீட்ஸில் எதையும் சுவடில்லாமல் மாற்றலாம் போலத் தோன்றும். ஆனால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது கோப்பின் பழைய நிலைகளைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும்.

அந்த வெர்ஷன் ஹிஸ்டரி ஒரு முறை என்னைக் காப்பாற்றியது. தேதிப்படி அடுக்கலாம் என்று கணினியில் தேதி வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டேன். தேதிகள் நகர்ந்துவிட்டன, தொகைகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. தை மாதம் ஓடு மாற்றிய செலவு புரட்டாசித் தேதியில் நிற்கிறது. கூட்டுத்தொகை மாறாததால் எட்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பழைய நிலைக்கு மொத்தமாகத் திரும்பினால் அந்த எட்டு நாள் பதிவும் போய்விடும். அதனால் பழைய வெர்ஷனைத் தனிப் பிரதியாக எடுத்து, எட்டு நாள் வரிகளை மட்டும் அதில் திரும்பச் சேர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. இப்போது மாதம் முடிந்ததும் அந்த வெர்ஷனுக்குப் பெயர் வைத்துவிடுகிறேன். முடிந்த மாதத்து வரிகளைப் பூட்டியும் வைக்கிறேன்.

இன்னொன்று, புதுக் கோப்பு தொடங்கும்போது செட்டிங்ஸில் லொகேலை, அதாவது எந்த நாட்டு வழக்கம் என்பதை, இந்தியா என்று மாற்றுங்கள். அது அமெரிக்கா என்றிருந்தால் 05/06 என்று நீங்கள் பதியும் ஜூன் 5, மே 6 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட தேதிகளைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. பாதி வரி ஒரு மாதிரியும் பாதி வரி இன்னொரு மாதிரியும் இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, கைப்பேசிக்கு வருவோம்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் சிக்னல் என்பது தனிப் பிரச்சினை. அவ்வளவு கனமான சுவர்கள். முகப்பில் இருக்கும், முற்றமுள்ள வளவுக்கு நடுவே வானம் பார்க்கிற இடத்தில் இருக்கும். இரண்டாங்கட்டு தாண்டினால் கோடு ஒன்றுகூட நிற்காது. பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதனால் பதினொரு கோப்புகளையும் இணையம் இல்லாமலே பதியும் ஆஃப்லைன் வசதியில் போட்டு வைத்திருக்கிறேன். உள்ளே பதிந்துகொண்டே போவேன், வளவுக்கு வந்ததும் தானாக ஏறிவிடும். ஆனால் எழுதுவது ஒருவராக இருக்க வேண்டும். என் உதவியாளர் வீட்டின் ஒரு பகுதியில், நான் இன்னொரு பகுதியில், இரண்டு பேரும் சிக்னல் இல்லாமல் ஒரே கட்டத்தில் எழுதினால் ஒருவர் எழுதியதுதான் நிற்கும். அவருக்குத் தனி ஷீட் கொடுத்த பிறகு அந்தக் கவலை இல்லை.

புரட்டாசியில் எல்லா வீட்டுக் கூரையையும் ஏறிப் பார்த்துவிடுவோம். ஐப்பசி மழைக்கு முன்னால் நாட்டு ஓடு எங்கே நழுவியிருக்கிறது, குரங்கு எங்கே கலைத்திருக்கிறது என்று படம் எடுத்து, கூகுள் டிரைவில் வீடுவாரியாக, வருஷவாரியாகப் போடுகிறேன். ஒரே மூலையை ஐந்து வருஷப் படங்களில் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒழுக்கு எப்படி நகர்ந்து வருகிறது என்று தெரியும். ஒரு வீட்டில் மூன்று வருஷம் ஓடுகளை மாற்றிக்கொண்டே இருந்தோம். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகுதான் கோளாறு கீழே தாங்கும் மரச் சட்டத்தில் என்று புரிந்தது.

2019-இல் மாடியிலிருந்து கைப்பேசி விழுந்து நொறுங்கியது. கணக்கில் ஒரு வரிகூடப் போகவில்லை, புதுப் போனில் உள்நுழைந்ததும் எல்லாம் இருந்தது. படங்கள்தான் இரண்டு வாரத்துக்குப் போயின. வைஃபை இருந்தால் மட்டும் பேக்கப் எடுக்கும்படி வைத்திருந்தேன், அந்த இரண்டு வாரமும் நான் வைஃபை இல்லாத வீடுகளில் இருந்தேன். கூரை பார்க்கும் நாட்களில் இப்போது மொபைல் டேட்டாவிலேயே ஏற்றிவிடுகிறேன்.

இடமும் தீரும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாக 15 ஜிபி. 1 ஜூன் 2021-க்கு முன்னால் ஏற்றிய, சற்றுச் சுருக்கிய படங்கள் அந்தக் கணக்கில் வராது, அதற்குப் பிறகு ஏற்றுபவை எல்லாம் வரும். இடம் நிறைந்தால் படம் ஏறாதது மட்டுமில்லை, மின்னஞ்சலும் வராது. எச்சரிக்கையை நான் தள்ளித் தள்ளி விட்டதால் ஒரு வீட்டுக்காரர் அனுப்பிய கடிதம் வரவே இல்லை. 100 ஜிபி திட்டத்துக்கு இப்போது பணம் கட்டுகிறேன். ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் கூலியைத் தாண்டாது.

தமிழில் பதிவதைப் பற்றியும் கேட்பார்கள். கூலிப் பதிவை நான் வாயால்தான் சொல்கிறேன். "கொத்தனார் இரண்டு, சித்தாள் மூன்று" என்றால் ஒழுங்காக விழுகிறது. வளவு என்றால் பல நேரம் அளவு என்று வரும், பட்டாலையை நான்தான் தட்ட வேண்டும். அதற்காக வீட்டின் பகுதிப் பெயர்களை எல்லாம் தேர்ந்தெடுக்கும் பட்டியலாகச் செய்துவிட்டேன். பழைய பாமினி எழுத்துருவில் இருந்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றினால்தான் கைப்பேசியில் படிக்க முடிந்தது.

எக்செல் ஆன்லைனையும் ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன், ஒரு வீட்டின் ஆடிட்டருக்கு அதுதான் வேண்டும் என்பதால். அதுவும் நல்ல கருவிதான். என் பங்காளிகளில் பாதிப் பேருக்கு ஜிமெயில் ஏற்கெனவே இருந்ததால் ஷீட்ஸ் எளிதாகப் போனது, அவ்வளவுதான் காரணம். ஆடிட்டருக்கு எக்செல் வடிவில் இறக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

நாட்காட்டியைப் பகிர்ந்து வைத்ததும் பெரிய நிம்மதி. ஒரே தேதிக்கு ஒருவர் படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுக்க, இன்னொருவர் தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த சங்கடம் எங்களுக்கு நடந்திருக்கிறது. இப்போது நாட்காட்டியில் ஏறாத தேதி யாருக்கும் கிடையாது.

எல்லோரும் திரையில் பார்க்க மாட்டார்கள். சென்னையில் 78 வயது ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவருக்கு மாதக் கணக்கை அச்செடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். "தம்பி, சுண்ணாம்பு போன வருஷத்துக்கு இந்த வருஷம் ரெண்டு மூட்டை கூட இருக்கே?" என்று கேட்டவர் அவர்தான். பார்த்தால் ஒரு பில்லை இரண்டு முறை பதிந்திருந்தேன். திரையில் பார்த்த பதின்மூன்று பங்காளிகள் கண்ணிலும் அது படவில்லை. சனிக்கிழமைக் கூலி நோட்டையும் நான் விடவில்லை. ஆள்கள் கையெழுத்துப் போடுவது அதில்தான், அதன் படம் அன்று இரவே டிரைவுக்குப் போய்விடும்.

மிகப் பெரிய அடி வேறிடத்தில் விழுந்தது. ஒரு வீட்டின் கோப்பை அந்த வீட்டுப் பையன் தன் அலுவலக மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்திருந்தான். நல்ல மனதோடு செய்ததுதான். அவன் வேலை மாறியதும் அந்த அலுவலகம் அவன் மின்னஞ்சல் கணக்கை மூடியது. இரண்டு வருஷக் கணக்கு, பில் படங்கள் எல்லாம் அதோடு போயின. நோட்டுகளை வைத்துத் திரும்பப் பதிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கென்று தனி ஜிமெயில் தொடங்கினேன், கோப்பு அந்தப் பெயரில்தான். மீட்பு எண் ஒரு பங்காளியுடையது, மீட்பு மின்னஞ்சல் இன்னொருவருடையது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். அதற்குக் கிடைக்கும் எட்டு இலக்க பேக்கப் எண்கள் பத்தையும் அச்செடுத்து அந்தந்த வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரங்களோடு வைத்திருக்கிறோம். இரண்டு வருஷம் யாரும் நுழையாத கணக்கை அழிக்கலாம் என்ற கூகுள் விதி 2023-இல் வந்ததால், பிள்ளையார் நோன்புக்கு மட்டும் திறக்கும் வீடுகளின் கணக்கில்கூட மாதம் ஒரு முறை உள்ளே போய் வருகிறேன்.

பதினொன்றில் ஒன்பது வீடுகளுக்கு இது முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டும் இன்னும் என் சொந்த ஜிமெயிலில் இருக்கின்றன. உரிமையை மாற்ற நான் அனுப்பினால் மட்டும் போதாது, அந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு வீட்டுப் பங்காளிகளும் புரட்டாசிக் கூரை வேலை பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வளவில் உட்கார வைத்து, சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே, அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.