கொம்பனுக்கு ஒரு பக்கெட், செம்பனுக்கு ஒரு பக்கெட்

பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரம் தாண்டினால் கேரளா. அந்தப் பக்கமிருந்து எங்கள் தென்னந்தோப்புக்கு வேலைக்கு வரும் அண்ணன் காண்டாமிருக வண்டைக் கொம்பன் செல்லி என்பார், சிவப்புக் கூன்வண்டைச் செம்பன் செல்லி என்பார். தென்னையைக் கெடுக்கும் இந்த இரண்டையும் பிடிக்கத் தனித்தனிப் பொறி கேட்டேன். கடைக்காரருக்கு இரண்டும் வண்டுதான். ஒரே மாதிரி இரண்டு பொறியைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பிரித்தால் இரண்டிலும் கொம்பனுக்கான லூர், அதாவது வண்டை வாசனையால் இழுக்கும் மருந்து. மறுநாள் போய் ஒன்றை மாற்றி வந்தேன்.

கொம்பனுக்குப் பொறி நன்றாகவே வேலை செய்கிறது. வண்டு இரவில் பறந்து வந்து பக்கெட்டின் மேல் நிற்கும் தகட்டில் மோதி உள்ளே விழுகிறது, தீனி எதுவும் வைக்க வேண்டாம். முதல் வாரம் ஏழு. கருகருவென்று கட்டைவிரல் பருமன், அடிவயிற்றில் செம்பட்டை முடி. ஆனால் பொறி பறக்கும் வண்டை மட்டும்தான் பிடிக்கும். புழு இருப்பது எருக்குழியில், மட்கின சாணியைத் தின்றுகொண்டு. அண்ணன் குழியைக் கிளறினபோது வளைந்து கிடந்த வெள்ளைப் புழுக்களைப் பார்த்துக் கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

செம்பன் பொறிதான் ஏமாற்றம். இந்த வண்டு பக்கெட்டின் மேல் உட்கார்ந்து ஏறித்தான் உள்ளே போகும். வழவழ பிளாஸ்டிக்கில் எப்படி ஏறும்? இரண்டு வாரம் ஒன்றுமில்லை. வெளியே சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி, உள்ளே தண்ணீரில் வாழைப்பழமும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டேன். அப்புறம்தான் விழ ஆரம்பித்தது. கள் ஊற்றினால் இன்னும் நன்றாக வரும் என்கிறார் அண்ணன். அது அவர் ஊரில் சரி, இங்கே வழியில்லை. வாரம் ஒருமுறை தீனியை மாற்ற வேண்டும், நாற்றம் சொல்லி மாளாது.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் எதை வாங்குவது? மரத்தைச் சாய்ப்பது செம்பன். அதன் புழு உயிருள்ள தண்டுக்குள்ளேயே இருந்து தின்னும், பழுப்புச் சாறு வடியும்போது பாதி மரம் போயிருக்கும். ஆனால் கொம்பன் குருத்தைக் குடைந்த காயத்தில்தான் செம்பன் முட்டையிட வசதி. அதனால் நான் கொம்பன் பொறியைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன், எருக்குழியைக் கிளற ஒரு ஆளையும் சேர்த்து.

கன்றுகளுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். விழுந்த வண்டு ஏழு, விழாமல் போய்க் கன்றுக் குருத்தைக் கத்தரித்தது எத்தனையோ. இப்போது இரண்டும் வேலியோரம், பெரிய மரங்களுக்கு நடுவில்.