ஓவியத்துக்குப் பிரிண்ட் போட: டிஜிட்டல் பிரஸ், சொந்த பிரிண்டர், பிரிண்ட் ஸ்டுடியோ

நான் வரைவது பெரும்பாலும் வாட்டர்கலர். ஒரு படத்துக்குப் பத்து, இருபது பிரதிகள், ஏ4 அல்லது ஏ3 அளவில், கட்டுப்படியாகும் விலையில் வேண்டும். அதற்காக இருக்கிற வழிகளையெல்லாம் பார்த்து, கடைசியில் பிக்மெண்ட் மை (நிறம் நுண்துகளாகக் கலந்த மை) பயன்படுத்தும் ஒரு பிரிண்ட் ஸ்டுடியோவில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இன்றுவரை அங்கேதான் கொடுக்கிறேன். அதனால் இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஃப்செட்டைப் பற்றி, அதாவது பிளேட் செய்து அடிக்கும் அச்சைப் பற்றி, அதிகம் பேச வேண்டியதில்லை. பிளேட் செலவு ஒரு தாள் அடித்தாலும் ஆயிரம் தாள் அடித்தாலும் ஒன்றுதான். பல நூறு ஓடினால்தான் கட்டுப்படியாகும்.

டிஜிட்டல் பிரஸ், அதாவது பெரிய கலர் லேசர் மெஷின், விலையில் இருப்பதிலேயே மலிவு. கொடுத்த கையோடு வாங்கியும் வந்துவிடலாம். ஆனால் டோனர் என்ற பொடி மை சூட்டில் உருகித் தாளின் மேலேயே படிகிறது, உள்ளே இறங்குவதில்லை. அடர்ந்த நிறங்களில் ஒரு மினுமினுப்பு வரும். வெளிறிய வானம் போன்ற மெல்லிய வாஷ் (தண்ணீராக்கிய வண்ணப் பூச்சு) இருக்கும் இடங்களில் புள்ளியோ பட்டையோ கண்ணில் படும். சொரசொரப்பான தாளில் சீராக ஒட்டவும் செய்யாது. கோட்டோவியத்துக்கும், தட்டையான நிறங்களில் கணினியில் வரைந்த படத்துக்கும் இது தாராளமாகப் போதும். வாட்டர்கலருக்கு நான் கொடுக்க மாட்டேன்.

ஃபைலை ஏற்றிவிட்டால் அவர்களே அச்சிட்டு வாங்குபவருக்கு நேராக அனுப்பிவிடும் ஆன்லைன் சேவைகள் இருக்கின்றன. கையிருப்பு வேண்டாம், பேக்கிங் வேண்டாம். நான் எனக்கென்று ஆர்டர் செய்து பார்த்ததோடு சரி, விற்பனைக்குப் பயன்படுத்தியதில்லை. வந்த பிரிண்ட் மோசமில்லை. ஆனால் என் பெயரில் போகும் பிரதியை நான் பார்க்காமலே அது ஒருவர் வீட்டுக்குப் போய்விடுகிறது என்பது எனக்கு ஒத்துவரவில்லை.

சொந்த பிரிண்டர்தான் உண்மையான போட்டி. எட்டு, பத்து மைகள் கொண்ட ஏ3 பிளஸ் பிக்மெண்ட் இங்க்ஜெட் பிரிண்டரில் வரும் தரம் ஸ்டுடியோ தரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வாரம் தவறாமல் அச்சிடுகிறவர்களுக்கு அதுதான் லாபம். சும்மா கிடந்தால்தான் சிக்கல்: மை காய்ந்து நாசிலை (மை தெறிக்கும் நுண்துளையை) அடைக்கும், சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் மை கழிவுத் தொட்டிக்குப் போகும். மாதக்கணக்கில் வரைந்துவிட்டுப் பிறகு மொத்தமாக அச்சிடும் என்னைப் போன்றவர்கள், தாளுக்குச் செலவழிப்பதைவிடக் கழுவுவதற்கு அதிகம் செலவழிக்க வேண்டிவரும். பிரிண்டர் வைத்திருக்கும் தோழியோடு உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். புது மாடல்களில் நிலைமை மாறியிருக்கலாம்.

ஸ்டுடியோ பக்கம் என்னைச் சாய்த்தது மெஷினோ தாளோ இல்லை, புரூஃப், அதாவது பிரதிகள் போடுவதற்கு முன் எடுத்துப் பார்க்கும் மாதிரிப் பிரிண்ட். மூல ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதிரிப் பிரிண்டைப் பார்த்து, “இந்த நிழல் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாகணும், இந்தப் பச்சையில் மஞ்சள் குறையுது” என்று சொல்லித் திருத்த முடிகிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. திரை தன் வெளிச்சத்தால் ஒளிர்கிறது. தாள் தன் மேல் விழுந்த வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. அதனால் திரையில் கச்சிதமாக இருந்த படம் தாளில் இருண்டு வருவது சகஜம். சில நிறங்கள் வழக்கமான மைகளில் வராது. ஓபரா ரோஸ் போன்ற ஒளிரும் இளஞ்சிவப்பு அடங்கிப்போகும், தங்க வண்ணம் மங்கிய பழுப்பாகிவிடும். எந்த நிறத்தை விட்டுக்கொடுப்பது, எதைக் காப்பாற்றுவது என்பது வரைந்தவர் எடுக்க வேண்டிய முடிவு, அதைப் புரூஃப் இல்லாமல் எடுக்க முடியாது.

செலவைக் குறைக்கவும் புரூஃபில் வழி உண்டு. முழுப் படத்தையும் அச்சிட வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் ஆபத்தான இடத்தை, முகம், ஆழமான நிழல், மெல்லிய வாஷ் எதுவோ அதை, சின்னத் துண்டாக வெட்டி எல்லாவற்றையும் ஒரே ஏ4 தாளில் அடுக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை வையுங்கள்: உள்ளபடி, சற்று வெளிச்சமாக, இன்னும் வெளிச்சமாக. கடைசியில் அச்சிடப்போகும் அதே தாளில்தான் இதையும் எடுக்க வேண்டும். தாள் மாறினால் நிறமும் மாறும். கையில் வாங்கியதும் முடிவு சொல்லாமல், ஒரு நாள் காயவிட்டு ஜன்னலோர வெளிச்சத்தில் ஒரு முறை, வீட்டு விளக்கில் ஒரு முறை பாருங்கள். பகலில் ஒத்துப்போகிற சாம்பல் நிறம் விளக்கு வெளிச்சத்தில் பச்சையோ சிவப்போ அடிக்கலாம்.

சொந்த பிரிண்டரில் எத்தனை புரூஃப் வேண்டுமானாலும் போடலாமே என்றால், உண்மைதான், இந்த ஒரு விஷயத்தில் அது ஸ்டுடியோவைவிட மேல். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் சரியான ஐசிசி புரொஃபைல் (அந்தத் தாளுக்கும் பிரிண்டருக்கும் ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஃபைல்) பார்ப்பது, மானிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்து வைப்பது எல்லாம் நம் தலையில் விழும். நல்ல ஸ்டுடியோவில் அதையே தினமும் செய்யும் ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன். புரூஃப் தர மறுக்கும் ஸ்டுடியோ என்றால் அங்கே கொடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஸ்கேன் சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏ4 அளவுக்கு 2480 × 3508 பிக்ஸல் வேண்டும். ஏ4 ஓவியத்தை ஏ3 ஆக்க நினைத்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடுங்கள். வாட்டர்கலர் தாள் லேசாக வளைந்திருந்தாலும் மெலிதான சிஐஎஸ் வகை ஸ்கேனரில் வளைந்த இடம் மங்கிவிடும். சிசிடி வகை அந்த வளைவைத் தாங்கும். ஆயிலுக்கும் அக்ரிலிக்குக்கும் இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துக் கேமராவில் எடுப்பது நல்லது என்பார்கள். எனக்கு அதில் பழக்கம் குறைவு.

ஸ்டுடியோவில் கேட்க வேண்டியவை இரண்டு. மை பிக்மெண்டா, டையா (கரைந்த சாயமா)? டை பளிச்சென்று இருக்கும், பொதுவாக வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் காலப்போக்கில் அந்த வெண்மை மஞ்சளாக இறங்கும். அமிலமில்லாத பருத்தித் தாள் விலை கூடத்தான், ஆனால் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பிரதிக்கு நான் அதில் குறைப்பதில்லை. குறைப்பது இடத்தில்: பரப்பளவுக்குக் கட்டணம் வாங்கும் ஸ்டுடியோ என்றால் ஒரு ஏ2 தாளில் நான்கு ஏ4 படங்களை அடுக்கிக் கொடுத்து, வீட்டில் நானே வெட்டிக்கொள்கிறேன். திருத்திய ஃபைலையும் தாளின் பெயரையும் குறித்து வைத்தால் அடுத்த முறை புரூஃப் செலவும் பெரும்பாலும் மிச்சம்.

வாழ்த்து அட்டை, புக்மார்க் இதற்கெல்லாம் ஸ்டுடியோ தேவையில்லை. திருத்திய அதே ஃபைலை டிஜிட்டல் பிரஸ்ஸில் கொடுங்கள், மடிப்பு இருந்தால் முதலில் மடிக்கும் இடத்தைக் கோடாக அழுத்திவிட்டு மடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் டோனர் வெடித்து வெள்ளை தெரியும்.