பீச் ரீட்: பக்கத்து வீட்டில் ஒரு போட்டியாளன்

இளையோருக்கான நாவல்களை எழுதிவந்த அமெரிக்க எழுத்தாளர் எமிலி ஹென்றி, பெரியவர்களுக்காக எழுதிய முதல் நாவல் ‘பீச் ரீட்’. 2020இல் வெளியான இந்த நூலின் தலைப்பைக் கேட்பவர்கள், விடுமுறையில் மணலில் படுத்தபடி அரைத் தூக்கத்தில் புரட்டும் புத்தகம் என்றே நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன். சில அத்தியாயங்களிலேயே, தந்தையை இழந்த ஒரு மகளின் துக்கம்தான் இதன் அடிநாதம் என்பது புரிந்துவிட்டது.

ஜனவரி ஆண்ட்ரூஸ் காதல் கதைகளை எழுதுபவள். தன் பெற்றோரின் இல்லறத்தைக் கண்முன் பார்த்து வளர்ந்ததால், காதல் நிலைக்கும் என்று மனதார நம்பியவள். அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்த முன்பின் அறியாத ஒரு பெண், ஒரு கடிதத்தையும் ஒரு வீட்டுச் சாவியையும் அவளிடம் கொடுக்கும்போது, அப்பாவுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது தெரியவருகிறது. கையில் காசும் இல்லை, எழுத்தும் ஓடவில்லை. மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள அந்த வீட்டை விற்கவும், கோடை முடிவதற்குள் ஒரு நாவலை எழுதி முடிக்கவும் அங்கே போகிறாள். பக்கத்து வீட்டில் இருப்பவனோ கல்லூரி நாளில் அவளுக்குப் போட்டியாக இருந்த அகஸ்டஸ் எவரெட். எல்லாக் கதைகளையும் துயரத்தில் முடிக்கும் இலக்கிய எழுத்தாளன். அவள் எழுதும் வகையில் அவனும், அவன் எழுதும் வகையில் அவளும் ஒரு நாவல் எழுதுவதென்று இருவரும் பந்தயம் கட்டுகிறார்கள்.

எதிரெதிர் குணமுள்ளவர்கள் காதலிக்கும் கதைகளில் பெரும்பாலும் ஒருவர் வாயாடியாகவும் மற்றவர் உம்மென்றும் இருப்பார்கள். அந்த வேறுபாடு நான்கைந்து சண்டைகளுக்கு மேல் தாங்காது. இங்கே வேறுபாடு நம்பிக்கையில் இருக்கிறது. கதை எப்படி முடிய வேண்டும் என்று இவர்கள் வாதிடும்போது, வன்முறை நிறைந்த வீட்டில் வளர்ந்த ஒருவனும் அன்பான வீட்டில் வளர்ந்து ஏமாந்த ஒருத்தியும் தத்தம் வாழ்க்கைக்காகவே வாதாடுகிறார்கள். அவளுடைய நம்பிக்கை உடைய உடைய அவள் அவன் பக்கம் சாய்வதையும், அவனோ அவள் விட்டுவந்த இடத்தை மெல்ல எட்டிப் பார்ப்பதையும் ஹென்றி மிக நுட்பமாக எழுதியிருக்கிறார்.

இரு வீடுகளிலும் எழுதும் மேசைகள் ஜன்னலோரம் நேருக்கு நேர் இருப்பதால், வேலை ஓடாத வேளையில் இருவரும் தாளில் பெரிய எழுத்தில் ஏதாவது எழுதித் தூக்கிக் காட்டுகிறார்கள். பக்கம் பக்கமாக வர்ணித்தாலும் கிடைக்காத நெருக்கம் அந்தச் சில சொற்களில் கிடைத்துவிடுகிறது. அதைவிட என்னை உலுக்கியது, அப்பாவின் கடிதத்தை அவள் நெடுநாள் பிரிக்காமலேயே வைத்திருப்பது. என் அப்பாவின் இரும்புப் பெட்டியை நாங்கள் இரண்டு ஆண்டுகள் திறக்கவில்லை. அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. கதை முழுவதையும் ஜனவரியே சொல்வதால், அகஸ்டஸின் காயங்களை அவன் வாய்விட்டுச் சொல்லும் அளவுக்குத்தான் அறிகிறோம். தன் நாவலுக்காக அவன் ஒரு மத வழிபாட்டுக் குழுவிலிருந்து தப்பியவர்களைச் சந்திக்கும் பகுதிகள் கனமானவை. ஆனால் அந்த மனிதர்கள் இவ்விருவரையும் நெருக்கமாக்கப் பயன்பட்டதோடு ஒதுங்கிப்போகிறார்கள். இறுதியில் வரும் பிரிவும் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

ஆங்கிலம் எளிமையானது, உரையாடல்கள் துள்ளலானவை. படுக்கையறைக் காட்சிகள் இருப்பதால் பள்ளி மாணவர்களுக்கு வாங்கித் தர வேண்டாம். காதல் நாவல் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு நான் தயங்காமல் இதைத் தருவேன். ஜனவரி அந்த உறையைப் பிரிக்கும் அத்தியாயத்தை மட்டும் பேருந்திலோ ரயிலிலோ படிக்காதீர்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது படியுங்கள்.