சைக்காலஜி அலைடு பேப்பர் எடுக்கலாமா? பல வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

சித்தி பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேந்திருக்கா, அலைடுக்கு (மெயினோட சேத்து படிக்கிற துணைப் பாடம்) சைக்காலஜி எடுக்கலாமாண்ணானு கேட்டா, வாய்ஸ் நோட் போட ஆரம்பிச்சு அது பன்னெண்டு நிமிஷம் போயிடுச்சு, சரி அப்டியே எழுதிடலாம்னுதான் இது. நான் படிச்சது 2011-ல, மெயின் இங்கிலீஷ். காலேஜ் பேர் வேணாம்.

மொதல்லயே சொல்லிடுறேன், அடுத்தவன் மனசுல என்ன ஓடுதுனு கண்டுபிடிக்கலாம்னு போனா ஏமாந்துடுவீங்க. நாங்க முக்கால்வாசி பேர் அதுக்குதான் போனோம். கெடச்சது 1879, லைப்சிக், வுண்ட்னு ஒருத்தர் ஆரம்பிச்ச மொத சைக்காலஜி லேப், அப்புறம் நியூரான் படம் வரைந்து பாகங்களைக் குறி. பயாலஜிக்கு பயந்து ஆர்ட்ஸ் வந்தவனுக்கு இது தேவையா.

சாப்பாடு வரப்போற சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறப் பழக்குன பாவ்லோவ் வந்தப்பறம்தான் கிளாஸ் முழிச்சுது. (மனுஷன் 1904-ல நோபல் வாங்குனது செரிமான ஆராய்ச்சிக்கு, எச்சில் ஊறுற நாய்க்குனு எழுதி மார்க் விட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.) தட்டு சத்தம் கேட்டா உங்களுக்கும் வாய் ஊறும்லனு மேம் கேக்க, எங்க மெஸ் சாப்பாட்டுக்கு ஊறாது மேம்னு கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு கொரல்.

உண்மையான சரக்கு பிராக்டிகல்லதான். மிர்ரர் டிராயிங்னு ஒண்ணு, பேப்பர்ல ரெட்டைக் கோடு போட்ட ஸ்டார், நம்ம கை நமக்கே தெரியாதமாதிரி ஒரு தடுப்பு, எதிர்ல கண்ணாடி, அதுல மட்டும் பாத்து ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சில் போகணும், கோட்ட தொட்டா ஒரு எரர். முனை வந்து திரும்பணும்னா கை அப்டியே மாட்டிக்கும், மேல போனு மூளை சொல்லுது, பென்சில் கீழ போகுது, நெத்தியெல்லாம் வேர்வை. வலது கைல பத்து தடவை பழகிட்டு இடது கைல போட்டா, பழகாத அந்தக் கையும் முன்னவிட நல்லா போடுது. டிக்டேஷன்ல இது ரெண்டு வரி, கைல பட்டப்போ மெரண்டுட்டேன்.

இப்ப கொற. ஸ்டான்ஃபோர்ட் ஜெயில் எக்ஸ்பெரிமென்ட், 1971, காலேஜ் பசங்கள கார்டாவும் கைதியாவும் நடிக்க வச்சது, ரெண்டு வாரம் நடத்தவேண்டியத ஆறே நாள்ல நிறுத்துனாங்க, யூனிஃபார்ம் மாட்டுனா நல்லவனும் கொடூரமாயிடுவான்னு வேதவாக்கு மாதிரி எழுத வச்சாங்க. கார்டா நடிச்சவங்கள இன்னும் கறாரா இருனு எக்ஸ்பெரிமென்ட் நடத்துனவங்களே தூண்டிவிட்ட ரெக்கார்டிங்லாம் 2018-ல பெரிய பேச்சாச்சு. 2015-ல நூறு சைக்காலஜி ஆய்வுகள திரும்ப செஞ்சு பாத்ததுல ஒரிஜினல் மாதிரியே ரிசல்ட் வந்தது மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேலதான். நாங்க படிச்சது அதுக்கு முன்னாடி, சரி. ஆனா அவ அனுப்புன சீனியர் நோட்ஸ் ஃபோட்டோவுலயும் அதே பாரா, ஒரு வார்த்த மாறல! வேற காலேஜ் வேற. இதுக்கே ஒன்றர ஸ்டார் கொறச்சுட்டேன், அஞ்சுக்கு மூணரை.

எடுக்கலாமானா, எடு, பிராக்டிகல் ஒழுங்கா நடத்துற எடமானு மட்டும் சீனியர்ஸ்கிட்ட கேட்டுக்கோ. லேப் பூட்டியே கெடந்தா வேணாம்.

கேக்குற வார்த்தையே ஞாபகத்த மாத்திடும்னு எலிசபெத் லாஃப்டஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் 1974-ல காட்டுனதையும் விட்றாத. கார் ஆக்சிடென்ட் படத்த போட்டு காட்டிட்டு, இடிச்சப்போ என்ன ஸ்பீடுனு சிலர்கிட்டயும் மோதி நொறுங்குனப்போ என்ன ஸ்பீடுனு சிலர்கிட்டயும் கேட்டாங்க, நொறுங்குனதுனு கேட்டவங்க ஸ்பீட ஏத்தி சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு கண்ணாடி ஒடஞ்சுதானு கேட்டா, ஆமான்னு சொன்னவங்களும் இவங்கள்லதான் ஜாஸ்தி, படத்துல ஒடஞ்ச கண்ணாடியே கெடயாது.

அந்த மிர்ரர் டிராயிங்ல என் ரூம்மேட் பையன் மொத ட்ரயல்லயே அறுபது எரர் போட்டு பென்சில தூக்கி எறிஞ்சான்னு இத்தன வருஷமா பாக்குறவங்ககிட்டலாம் சொல்லி சிரிச்சிருக்கேன். இவளுக்கு குடுக்கலாம்னு போன வாரம் பரண்ல இருந்து ரெக்கார்ட் நோட்ட எறக்கி தூசி தட்டி பாத்தா, மேம் செவப்பு மையில போட்ட கையெழுத்துக்கு மேல, எக்ஸ்பெரிமென்டர்ங்கற எடத்துல அவன் பேரு, சப்ஜெக்ட்ங்கற எடத்துல, அதாவது பென்சில் புடிச்சு வரைஞ்சவன் எடத்துல, என் பேரு, மொத ட்ரயல் எரர் 63.

அவனுக்கு இன்னும் சொல்லல.