பச்சை மரமா, காய்ந்த மரமா? கிண்ணம் கடைபவருக்கு முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

மரக்கிண்ணம் கடைவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் சேர்ந்தால், பேச்சு முதலில் லேத் (கட்டையைச் சுழற்றும் கடைசல் இயந்திரம்) பக்கம் போகும், அப்புறம் உளி பக்கம். மோட்டாருக்கு எவ்வளவு சக்தி, உளியை எந்தக் கோணத்தில் சாணை பிடிப்பது என்றே பொழுது போய்விடும். அவையும் முக்கியம்தான். ஆனால் கிண்ணம் விரிசல் விடுமா, வட்டமாக நிற்குமா, எப்போது கைக்கு வரும் என்பதையெல்லாம் அவற்றைவிட அதிகமாக முடிவு செய்வது கட்டைக்குள் இருக்கும் தண்ணீர். புதிதாக வருபவர் லேத் வாங்குவதற்கு முன்பே இதை யோசித்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

வழிகள் மூன்று. நன்றாகக் காய்ந்த கட்டையை எடுத்து ஒரே தடவையில் கடைந்து முடிப்பது ஒன்று. பச்சை மரத்தைத் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி லேத்தில் ஏற்றி முடிப்பது இரண்டாவது. பச்சையாக இருக்கும்போதே மெல்லிசாகக் கடைந்து முடித்துவிட்டு, காயும்போது அது எப்படி நெளிந்தாலும் அதையே வடிவமாக ஏற்றுக்கொள்வது மூன்றாவது. காத்திருப்பு மூன்றிலும் உண்டு. காய்ந்த கட்டையில் உங்களுக்கு முன்னாலேயே யாரோ காத்திருந்துவிட்டார்கள், இரண்டாவது வழியில் நடுவில் நீங்கள் காத்திருக்கிறீர்கள், மூன்றாவதில் வேலை முடிந்த பிறகு கிண்ணம் தன் வடிவத்துக்கு வரும்வரை காத்திருக்கிறீர்கள்.

தண்ணீர் போகும்போது என்ன நடக்கிறது

வெட்டிய மரத்தில் ஈரம் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உட்குழியில் சும்மா நிற்கும் நீர் ஒன்று, செல் சுவரோடு ஒட்டியிருக்கும் நீர் இன்னொன்று. முதலில் போவது குழியில் இருப்பது. அது போகும்வரை மரத்தின் அளவில் பெரிய மாற்றம் இல்லை, எடைதான் குறையும். உலர்ந்த எடையோடு ஒப்பிட்டு ஈரம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்போது செல் சுவரின் நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் ஆரம்பிப்பது அங்கேதான்.

அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சிக்கலே இல்லை, கிண்ணம் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். ஆனால் மரம் அப்படிச் சுருங்குவதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பொதுவாக 4 சதவீதம் அளவுக்கும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 8 சதவீதம் அளவுக்கும் சுருங்கும். இது மரத்துக்கு மரம் மாறும். தேக்கில் வளையத் திசைச் சுருக்கம் 5 - 6 சதவீதம்தான், ஐரோப்பிய பீச் மரத்தில் 11 சதவீதத்தைத் தாண்டும். சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தமான மெஸ்கிட் இந்த விஷயத்தில் தங்கமான மரம், 3 சதவீதத்தை ஒட்டியே சுருங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள பச்சைக் கிண்ணம் ஒன்று காய்ந்தால், நார் வாக்கில் அதே 250 நிற்கும். குறுக்கே 5 முதல் 8 சதவீதம் போனால் 12 முதல் 20 மில்லிமீட்டர் குறையும். வட்டம் முட்டை வடிவமாகிவிடும். சுவர் தடிமனாக இருந்து, வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும்போது உள்பக்கம் ஈரமாகவே இருந்தால், அந்த இழுவிசை தாங்காமல் வெடிக்கும். மூன்று வழிகளும் இந்த ஒரே சிக்கலுக்கு மூன்று விதமான பதில்கள்.

காய்ந்த கட்டை

இதன் பெரிய பலம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் கடைந்துவிட்டு, மூன்று நாள் கழித்து அதே இடத்தில் தொடர்ந்தாலும் கட்டை அப்படியே இருக்கும். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே துண்டு துண்டாக நேரம் கிடைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. பச்சை மரம் அப்படி விடாது. பாதி கடைந்த பச்சைக் கிண்ணத்தைச் சக்கிலேயே (கட்டையை லேத்தில் இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) விட்டுவிட்டுப் போனால், மறுநாள் விளிம்பு ஆடும், சில மரங்களில் விரிசலே தெரியும்.

மூடி போட்ட கிண்ணம், பல நிறத் துண்டுகளை ஒட்டிச் சேர்த்துக் கடையும் கிண்ணம் போன்றவற்றுக்குக் காய்ந்த மரத்தைத் தவிர வேறு வழியே இல்லை. ஒட்டிய பிறகு துண்டுகள் ஆளுக்கொரு பக்கம் சுருங்கினால் இணைப்பு பிரிந்துவிடும், மூடியும் பொருந்தாது.

குறைகளும் சின்னவை அல்ல. காற்றில் காயவைப்பதற்கு மர வேலைக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கு, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு. அந்தக் கணக்கில் 4 அங்குல ஆழக் கிண்ணத்துக்கான கட்டைக்கு நாலு வருடம் ஆகும், அப்போதும் நடுப்பகுதி முழுக்கக் காய்ந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் ஆழமான, நன்றாகக் காய்ந்த கட்டைகள் அரிது, கிடைத்தாலும் விலை கூடுதல். சுற்றிலும் மெழுகு பூசி விற்கும் கட்டைகள் பல உள்ளே இன்னும் ஈரமாகவே இருக்கும். மெழுகு பூசுவதே ஈரம் வேகமாகப் போகாமல் இருக்கத்தான். ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி மேல்பரப்பைத்தான் நன்றாகக் காட்டும், நடுவைக் காட்டாது. நான் நம்புவது தராசை. வாரம் ஒருமுறை எடை போட்டு, சில வாரங்கள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால், அந்த இடத்தின் காற்றுக்குக் கட்டை பழகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று தூசி. காய்ந்த மரத்தைக் கடையும்போதும் உப்புத்தாள் போடும்போதும் பறக்கும் நுண்தூள் நுரையீரல்வரை போகும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் முதல் பிரிவிலேயே வகைப்படுத்திவிட்டது. நல்ல வடிகட்டி உள்ள முகக்கவசம் இல்லாமல் காய்ந்த மரத்தின் பக்கம் போகவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டு முறை கடைவது

அன்றாடம் புழங்கும், வட்டமாக நிற்கவேண்டிய, பெரிய கிண்ணத்துக்கு என் தேர்வு இதுதான்.

வேலை மரம் விழுந்த இடத்திலேயே ஆரம்பிக்கிறது. வேண்டிய விட்டத்தைவிடக் கொஞ்சம் நீளமாகத் துண்டு போட வேண்டும், ஏனென்றால் வெட்டிய முனைகளில்தான் முதலில் வெடிப்பு விழும். பிறகு துண்டை நடுப்புள்ளி வழியாக நீளவாக்கில் பிளந்து, அந்த நடுப்பகுதியை இரு பாதியிலிருந்தும் விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட வேண்டும். நடுப்புள்ளி கிண்ணத்துக்குள் இருந்தால், அங்கிருந்து விரிசல் கிளம்புவதைத் தடுப்பது ரொம்பக் கஷ்டம்.

முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விடுவது வழக்கம். 250 மில்லிமீட்டர் கிண்ணத்துக்கு 25 மில்லிமீட்டர். முட்டை வடிவமாகச் சுருங்கிய பிறகும் அதற்குள் ஒரு முழு வட்டம் கடைந்தெடுக்க இந்தத் தடிமன் போதும். இந்த அளவைவிட முக்கியம், விளிம்பிலிருந்து அடிவரை ஒரே தடிமனாக இருப்பது. அடியை மட்டும் கனமாக விட்டுவிட்டால், சுவர் காய்ந்து சுருங்கும்போது அடி ஈரமாகவே நின்று அங்கே பிளக்கும். சக் பிடிப்பதற்காக அடியில் விடும் குமிழையும் கொஞ்சம் பெரிதாகவே விட வேண்டும், அதுவும் முட்டையாகத்தான் மாறப்போகிறது.

அப்புறம் காயவைப்பது. தண்ணீரில் கலந்த மெழுகுப் பூச்சை வெளிப்பக்கம் தடவலாம், குறைந்தபட்சம் நாரின் நுனிகள் தெரியும் இரண்டு பக்கங்களிலாவது தடவ வேண்டும். ஈரம் நார் நுனிகள் வழியாகத்தான் வேகமாக ஓடும். பூச்சு இல்லையென்றால் பழுப்புக் காகிதப் பையில், அதே கிண்ணத்தின் சுருள்களையும் கொஞ்சம் போட்டு மூடி வைத்தாலும் நடக்கும். சுருள் அதிகமானால் பூஞ்சை பிடிக்கும், அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். வெயிலும் நேர்க்காற்றும் படாத இடம் வேண்டும். அடியில் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதி வைத்தால் போதும். மரத்தையும் பருவத்தையும் பொறுத்து நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை ஆகலாம்.

அவசரப்படுபவர்களுக்குக் குறுக்குவழிகள் பல சொல்லப்படுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பில் சின்னச் சின்னத் தவணைகளாகச் சூடாக்குவது வேலை செய்யும், ஆனால் ஒரு தவணை நீண்டாலும் உள்ளே கருகும், வெடிக்கும். சிறு கிண்ணத்துக்குச் சரி, பெரியதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆல்கஹாலில் ஊறவைப்பதைச் சிலர் சத்தியம் செய்யாத குறையாகப் புகழ்கிறார்கள், சிலர் வித்தியாசமே இல்லை என்கிறார்கள். எரியும் திரவத்தைப் பாத்திரம் நிறைய வைத்திருக்கும் ஆபத்துக்கு அந்தப் பலன் ஈடாகாது என்பது என் கட்சி. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற, நீரில் கரையும் மெழுகு போன்ற ரசாயனத்தில் ஊறவைத்தால் செல் சுவரிலுள்ள நீரின் இடத்தை அது பிடித்துக்கொண்டு சுருங்கவிடாமல் தடுக்கும். 1628இல் மூழ்கி 1961இல் தூக்கப்பட்ட ஸ்வீடனின் வாசா போர்க்கப்பலைக் காப்பாற்றியதும் இதே பொருள்தான், அதை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அமெரிக்கக் கடைசல் கலைஞர் எட் மவுல்த்ரோப் தன் பிரம்மாண்டமான கிண்ணங்களுக்கு இதைப் பயன்படுத்தினார். ஆனால் இது காற்றின் ஈரத்தை இழுக்கும், பல மெருகுப் பூச்சுகள் இதன்மேல் சரியாகப் பிடிக்காது. சாப்பாடு வைக்கும் கிண்ணத்துக்கு இது வேண்டாம்.

காய்ந்து வந்த கிண்ணத்தைத் திரும்ப ஏற்றுவதில்தான் புதியவர்கள் தயங்குவார்கள். சக் இப்போது குமிழைச் சரியாகப் பிடிக்காது. உருண்டை முனை கொண்ட ஒரு கட்டையைச் சக்கில் மாட்டி, கிண்ணத்தின் உள்பக்கத்தை அதன்மேல் கவிழ்த்து, லேத்தின் எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக்கால் அடியை அழுத்திப் பிடித்தால், குமிழை மறுபடி வட்டமாக்கிவிடலாம். அதன் பிறகு அது காய்ந்த கட்டைதான், தூசி உட்பட.

இதற்கு அலமாரியில் இடம் வேண்டும், சில கிண்ணங்கள் எவ்வளவு பார்த்தாலும் வெடிக்கத்தான் செய்யும். அதனால் ஒரு கிண்ணத்தை மட்டும் முதல் கடைசல் செய்துவிட்டு மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மரம் கிடைக்கும்போது வரிசையாகக் கடைந்து அடுக்கிவிட வேண்டும். ஒரு வருடம் இப்படிப் போனால், அதன் பிறகு எப்போது போனாலும் அலமாரியில் இரண்டாம் கடைசலுக்குத் தயாராக ஏதாவது இருக்கும்.

ஒரே மூச்சில் மெல்லிசாக

கடைவதன் முழு சுகமும் இதில்தான் இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். பச்சை மரத்தில் கூர்மையான உளி போகும்போது தூசியே இல்லை, நீள நீளமாகச் சுருள் பறக்கும், முகத்தில் சாறு தெறிக்கும்.

சுவர் 5 - 6 மில்லிமீட்டருக்குள் வரவேண்டும், அதுவும் சீராக. மெல்லிய சுவர் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் காயும், வளைந்து கொடுக்கும், அதனால் வெடிக்காது. விளிம்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு பகுதியையும் முழுத் தடிமனுக்கு முடித்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். அடிக்குப் போன பிறகு விளிம்புக்குத் திரும்பக் கூடாது, அதற்குள் அது நகர்ந்திருக்கும், உளி தட்டிவிடும். வெளிர் மரமாக இருந்தால் வெளிப்பக்கம் ஒரு விளக்கை வைத்துக்கொள்ளலாம், ஈரமான மெல்லிய சுவர் வழியாக வெளிச்சம் ஊடுருவித் தடிமனைக் காட்டிக்கொடுக்கும். இடையிடையே தண்ணீர் தெளித்தால் கடைந்து முடிக்கும்வரை விளிம்பு அடங்கியிருக்கும்.

நெளிவு எப்படி வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அமைக்கலாம். ஆண்டு வளையங்கள் இரு பக்கமும் சமமாக விழும்படி கட்டையை நடுவில் வைத்தால், நெளிவும் சமச்சீராக வரும், அழகாக இருக்கும். ஒரு பக்கம் ஒதுங்கினால் கிண்ணம் சாய்ந்துவிடும். அகலமான தட்டையான அடி வைத்தால் காய்ந்த பிறகு ஆடும். சின்ன அடியோ, மூன்று சிறு கால்களோ நல்லது. உப்புத்தாளைப் பச்சையில் போட்டால் உடனே அடைத்துக்கொள்ளும், காய்ந்த பிறகு கையால் தேய்ப்பதே வழி. அந்தத் தேய்ப்பு கொஞ்சம் சலிப்பான வேலைதான்.

கடையக் கற்பவருக்கும் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். பச்சை மரம் உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும், வெட்டும் கோணம் சரியானால் உடனே சுருளில் தெரியும், தப்பினால் நார் பிய்ந்து காட்டும். பெரும்பாலும் விழுந்த மரம்தான் என்பதால் கட்டை கெட்டாலும் பணம் போகாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஈரக் கட்டை கனமானது, ஆரம்பத்தில் சமநிலையும் இருக்காது. அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடத்துக்கான சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வரவேண்டும் என்பது பொதுக் கணக்கு. 10 அங்குலத்துக்கு 600 முதல் 900 சுற்று. சமநிலை வராத கட்டைக்கு அதற்கும் கீழே தொடங்க வேண்டும், முழு முகத்தையும் மூடும் கவசத்தோடு. வேலை முடிந்ததும் லேத்தின் இரும்புப் படுக்கையைத் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துரு ஏறும். ஓக் போன்ற, டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரங்களில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறையும் விழும்.

யாருக்கு எது

மரத்தைப் பார்த்தும் முடிவு மாறும். தேக்கு காய்ந்தே கிடைத்தால் அப்படியே கடையலாம், சிலிக்கா இருப்பதால் உளியை மட்டும் அடிக்கடி சாணை பிடிக்க வேண்டிவரும். ஆப்பிள், செர்ரி போன்ற பழமரங்கள் காயும்போது எளிதில் வெடிக்கும், அவற்றை முழுத் துண்டாகப் போட்டு வைக்காமல் சீக்கிரமே முதல் கடைசலுக்குக் கொண்டுபோவது மேல். மாமரத்தில் பூஞ்சை வேகமாக ஏறிக் கருங்கோடுகள் போடும். அந்தக் கோலத்துக்காகவே சிலர் காத்திருந்து கடைவார்கள், ஆனால் அதிகம் காத்திருந்தால் மரம் மக்கிவிடும்.

மரத்தைவிட முக்கியமானது உங்கள் நேரம் எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்பது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் காய்ந்த கட்டை. வாரத்தில் ஒரு நாள் முழுசாகக் கிடைக்கும் என்றால் பச்சை மரம், ஏனென்றால் எடுத்த கிண்ணத்தை அன்றே ஒரு கட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இடையில் போயே ஆகவேண்டும் என்றால் பிளாஸ்டிக் பையால் இறுக்கச் சுற்றி வைத்தால் ஓரிரு நாள் தாங்கும்.

முதல் மரத்துண்டு கைக்கு வந்தால், ஒரு பாதியைத் தடிமனாகக் கடைந்து காயவைக்கலாம், மற்றதிலிருந்து சின்னதாக ஒன்றை அன்றே மெல்லிசாக முடித்துப் பார்க்கலாம். மீதி மரத்தைத் துண்டு போட வேண்டாம். நீளமாகவே, நிழலில், தரையில் படாமல் தூக்கி வைத்து, இரண்டு முனைகளுக்கும் மெழுகு பூசி விடுங்கள். அடுத்த முறை கடைய உட்காரும் நாளில் வெடித்த முனையை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, அன்றைக்குத் தேவையானதை வெட்டிக்கொள்ளலாம்.