ஆற்றில் எடுத்த கட்டை: கொதிக்க வைப்பதா, ஊறப் போடுவதா?

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்ததும் மணல் திட்டுகளில் நல்ல நல்ல வேர்க்கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கும். என் மீன் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். எடுத்து வந்த கட்டையைத் தொட்டிக்குத் தயார் செய்ய இரண்டு வழி: கொதிக்க வைக்கலாம், ஊறப் போடலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இப்போது ஊறப் போடுவதோடு நின்றுவிட்டேன்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான். பட்டையை முழுக்க உரித்து, உளுத்த இடங்களைச் சுரண்டி, சோப்பு போடாமல் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற கட்டையும் பச்சை மரமும் வேண்டாம். தென்னை, பனை நார் நாராகப் பிரிந்துவிடும். புளி, கருவேலம் போல வைரம் பாய்ந்த மரம் நின்று உழைக்கும். அரளியோ, பால் வடிகிற மரமோ என்று சந்தேகம் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கொதிக்க வைப்பதில் நேரம் மிச்சம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பூச்சி, நத்தை முட்டை எல்லாம் செத்துவிடும், சாயமும் நிறைய இறங்கும். அதே தண்ணீரிலேயே ஆறவிட்டால் உள்ளே தண்ணீர் இழுத்துக்கொண்டு சின்னக் கட்டைகள் சீக்கிரம் மூழ்கும். ஆனால் இரண்டடி வேர் எந்தப் பாத்திரத்திலும் அடங்காது. திரும்பத் திரும்ப வேகவைத்தால் மரமும் இளகிப் போகும்.

நான் ஊறப் போடும் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் தண்ணீர் மாற்றுகிற வேலை. பருத்த கட்டையைக் கொதிக்க வைத்தாலும் நடுப்பகுதி முழுக்க நனைவதில்லை. தொட்டிக்குள் போனபின் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்க, அங்கே மிச்சமிருக்கும் துவர்ப்புச் சாயம் வாரக்கணக்கில் கசிந்து, தொட்டி கட்டன் டீ நிறத்துக்கு வந்துவிடும். இந்தச் சாயம் எப்படியும் வெளியே வந்தே தீரும். அது ஊறப் போடுகிற டிரம்மில் வரட்டுமா, தொட்டியில் வரட்டுமா? டிரம் என்றால் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தால் போதும். தொட்டி என்றால் மீன் மிரளாமல் கால்வாசி, கால்வாசியாக உறிஞ்சி எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றி, அடுத்த வாரம் மறுபடியும் அதே வேலை. 100 லிட்டர் தொட்டிக்கு ஒவ்வொரு முறையும் 25 லிட்டர் சுமக்க வேண்டும்.

சாயம் விஷமில்லை. சண்டை மீன் வளர்ப்பவர்கள் இதற்காகவே நாட்டு வாதுமை இலையைப் போடுகிறார்கள். உப்புக் கடுமையான போர் தண்ணீரில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பெரிதாக இறங்காது, மென்மையான தண்ணீரில் இறங்கும். ஆனால் செடி வளர்க்கிற தொட்டியில் வெளிச்சம் குறைந்துவிடும்.

ஊறப் போடுவதில் கவனிக்க வேண்டியது கொசு. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். டிரம் வாயைத் துணியால் இறுக்கக் கட்டி, வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றிவிடுவேன். மிதக்கிற கட்டைமேல் கல் ஏற்ற வேண்டும். எத்தனை நாள் என்பது மரத்தைப் பொறுத்தது. சிலது மூன்று வாரத்தில் அடங்கும், சிலது இரண்டு மாதம் இழுக்கும். மூழ்கிவிட்டது என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. வைரக்கட்டை முதல் நாளே மூழ்கும், சாயம் மட்டும் விடாது. வெள்ளை வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக இருந்தால் சரி. தொட்டியில் வைக்கும் முன் கொதிக்கும் நீரை எல்லாப் பக்கமும் ஊற்றி, அப்புறம் ஆறவிட்டு வைப்பேன்.

முதல் சில வாரங்களில் வெள்ளையாகக் கொழகொழவென்று ஒரு படலம் வரும். எப்படித் தயார் செய்த கட்டையிலும் வரக்கூடியதுதான். நத்தையும் இறாலும் தின்றுவிடும்.

கையகலக் கட்டை, அதுவும் அவசரமாக வேண்டும் என்றால் கொதிக்க வைப்பதே போதும். கடற்கரைக் கட்டையில் எனக்கு அனுபவம் குறைவு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அதை மட்டும் கொதிக்கவைத்து உடனே வைக்க எனக்குத் துணிவில்லை. புதுத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் முன்னும் பின்னும் அளந்து, எண் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் ஊறவிடுவேன்.