ஆறு வருட பிஎம்எஸ் அனுபவம்: அந்தப் பதினோரு நாள்

போன வாரம் நண்பன் போன் செய்தான். அப்பா காலத்து நிலத்தை விற்றிருக்கிறான். 2024 ஜூலை 23க்கு முன்பே கைக்கு வந்த சொத்து என்பதால், லாபத்துக்கு வரி நேராக 12.5 சதவீதமா, விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு 20 சதவீதமா என்று இரண்டையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டுகிறான். அது போகக் கையில் நிற்கும் தொகை பெரியது. "ஏண்டா, நீ பிஎம்எஸ்ல போட்டிருக்கியே, நானும் போட்டுடலாமா?" என்று கேட்டான். பிஎம்எஸ் என்றால் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் சர்வீஸ்; கட்டணம் வாங்கிக்கொண்டு நம் பணத்தை நம் பெயரிலேயே பங்குகளில் போட்டு நிர்வகிப்பது. அரை மணி நேரம் பேசியும் நான் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது 2020 பிப்ரவரியில். குறைந்தபட்ச முதலீட்டைப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 25 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்த்தியிருந்த சமயம். அடுத்த மாதமே சந்தை விழுந்தது. என் 50 லட்சம் 34 லட்சமாக நின்ற அன்று, ஃபண்ட் மேனேஜரே போனில் வந்து எதை வைத்துக்கொள்கிறோம், எதை நஷ்டத்துக்கு விற்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று விற்றதில் வந்த நஷ்டம் அடுத்த வருட லாபத்தில் கழிந்தது. அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. பங்கு தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர். ஆறு வருடத்தில் கிடைத்த வருமானத்தையும் குறை சொல்ல மாட்டேன்.

என் பிரச்சினை வேறு. அவர் விற்கும்போதெல்லாம் வரி கட்டுவது நான்.

சேரும்போது இதை நான் சரியாக மனதில் வாங்கவில்லை. மியூச்சுவல் ஃபண்டில் மேனேஜர் உள்ளே நூறு முறை வாங்கி விற்றாலும் நமக்கு வரி இல்லை. நாம் யூனிட்டை விற்கும்போதுதான் வரி. பிஎம்எஸ்ஸில் பங்குகள் நம் பெயரில், நம் டிமேட்டில் (பங்குகளை வைக்கும் கணக்கில்) இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு விற்பனையும் நாம் விற்றதுதான். ஸ்டேட்மென்டில் போடும் வருமானம் அவர்கள் கட்டணத்தைக் கழித்தது, ஆனால் வரியைக் கழிக்காதது. வரி நம் வங்கிக் கணக்கிலிருந்து தனியாகப் போகிறது. ஆடிட்டர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியபோது, வருடத்துக்குச் சுமார் ஒன்றரை சதவீதம் அப்படியே காணாமல் போயிருந்தது.

2024 ஜூலை 23 வரை இதை ஓரளவு பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஒரு வருடத்துக்குள் விற்றால் (ஷார்ட் டெர்ம்) 15 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்தால் (லாங் டெர்ம்) 10. வித்தியாசம் ஐந்து. அன்று வந்த பட்ஜெட்டில் அது 20, 12.5 என்று ஆனது. வித்தியாசம் ஏழரை. லாங் டெர்ம் லாபத்தில் வரி இல்லாத வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றேகால் லட்சமாக ஏற்றியதையே எல்லோரும் பேசினார்கள். அடிக்கடி விற்கும் மேனேஜரிடம் பணம் வைத்திருப்பவனுக்குக் கவனிக்க வேண்டியது அந்த ஏழரைதான். அவசரப்பட்டு விற்பதற்கான விலை ஒரே நாளில் ஏறிவிட்டது. விற்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஸ்டேட்மென்டில் பார்த்த ஒரு விற்பனை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வாகன உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனிப் பங்கு. வாங்கிய தேதி 12-09-2023. விற்ற தேதி 02-09-2024. லாபம் 4,80,000 ரூபாய். இன்னும் பதினோரு நாள் பொறுத்து 13ஆம் தேதி விற்றிருந்தால் லாங் டெர்ம். 96,000 கட்டிய இடத்தில் 60,000 போதும். வரியின் மேல் போடும் செஸ், சர்சார்ஜ் தனி. ஏதாவது கெட்ட செய்தி வரப்போகிறது என்று பயந்து விற்றார்களா என்று பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. 13ஆம் தேதி அதன் விலை இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

கேட்டேன். மரியாதையாகவே பதில் சொன்னார்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மாடல் போர்ட்ஃபோலியோ (பங்குப் பட்டியல்), முடிவு ஒன்றுதான், ஆளுக்கு ஆள் வாங்கிய தேதி வேறு, ஒவ்வொருவரின் தேதியையும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒழுங்காக விற்க முடியாது என்றார்கள். நியாயமான பதில்தான். ஆனால் வருடத்துக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி கொடுப்பது எனக்கென்று தனியாகப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில்தானே? எல்லோருக்கும் ஒரே முடிவு என்றால் அதை மியூச்சுவல் ஃபண்டே பாதிக் கட்டணத்தில், நடுவில் வரி இல்லாமல் செய்து தருகிறது.

அந்த வருடம் மொத்தம் 41 விற்பனை. அதில் 26 ஷார்ட் டெர்ம். ஜூலை 23க்கு முன், பின் என்று ரிட்டர்னில் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. இவர்கள் அனுப்பிய ஸ்டேட்மென்டில் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. ஆடிட்டர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸ் இன்னொரு தலைவலி. டிசம்பர் முதல் வாரத்தில் விற்கிறார்கள், 15ஆம் தேதிக்குள் தவணை கட்ட வேண்டும், காலாண்டு ஸ்டேட்மென்ட் வருவதோ ஜனவரியில். ஒரு முறை வட்டி கட்டிவிட்டு, அப்புறம் வரும் மெயிலையெல்லாம் பார்த்து நானே எக்செல்லில் ஏற்ற ஆரம்பித்தேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும்.

அப்பாவும் அங்கேதான் கணக்கு வைத்திருந்தார். பணமாகக் கொடுக்காமல், தன்னிடம் இருந்த பழைய பங்குகளையே கொடுத்துத் தொடங்கினார். 2022இல் அவர் காலமானதும், பங்குகளை விற்காமல் அப்படியே அம்மாவின் டிமேட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இறந்தவரின் சொத்து மீதான எஸ்டேட் டூட்டியை 1985லேயே எடுத்துவிட்டதால் வாரிசுக்கு வருவதற்கு வரி இல்லை. அதைவிட முக்கியம், அப்பா வாங்கிய தேதியும் விலையும் அம்மாவுக்கும் தொடர்கிறது. 2018 ஜனவரி 31 வரை ஏறிய லாபத்துக்கு வரி இல்லை என்ற சலுகையும் சேர்த்து. அந்தத் தேதிகளைத் தேடி நாங்கள் பழைய பெட்டிகளைக் கிளறவில்லை. எல்லாம் அவர்கள் வைத்திருந்த பட்டியலில் இருந்தது. 14-06-2011 என்ற தேதியைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா இத வாங்கிட்டு வந்து சொன்னது ஞாபகம் இருக்கு" என்றார் அம்மா. அந்தப் பட்டியலைப் பராமரித்த பையனுக்கு நேரில் போய் நன்றி சொன்னேன்.

நண்பன் கேட்ட இன்னொன்று: மனைவி பெயரில் பாதியைப் போட்டால் வரி குறையுமா? குறையாது. நாம் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வருமானம் நம் கணக்கில்தான் சேரும். பதினெட்டு வயது முடிந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சேராது. ஆனால் கொடுத்த பணம் அவர்களுடையது என்பதை மனதார ஒப்புக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

அவனுக்கு நான் சொன்னது, பிஎம்எஸ் வேண்டாம் என்று. இத்தனை பாராட்டிய பிறகும் அதேதான். அம்மாவின் கணக்கு அங்கேயே இருக்கட்டும்; அதில் அவர்கள் அதிகம் கை வைப்பதில்லை. என்னுடையதை மூடுகிறேன். மூன்று வருடம் தாண்டிவிட்டதால் எக்ஸிட் லோட் (வெளியேறும் கட்டணம்) இல்லை. விற்றுப் பணமாகத் தர வேண்டாம், பங்குகளாகவே என் இன்னொரு டிமேட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு வரி கிடையாது.

திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறேன். மொத்தம் 22 பங்குகள். எது எந்தத் தேதியில் வாங்கியது, எப்போது பன்னிரண்டு மாதம் தாண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். ஏழு பங்குகளுக்கு இன்னும் நாள் வரவில்லை.